பேசினால் எழுதித் தரும் கணினி: உள்ளே என்ன நடக்கிறது, நாம் எப்படிப் பயன்படுத்துவது

மைக் படத்தை அழுத்திப் பேசினால் போன் தமிழிலேயே எழுதிவிடுகிறது. கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் சேர்ந்தது 2017 ஆகஸ்டில், அதனால் இது இப்போது யாருக்கும் புதுசில்லை. ஆனால் இரண்டு வரி மெசேஜுக்குப் பதிலாக ஒரு மணி நேரப் பேட்டியையோ, வீட்டுப் பெரியவர் சொன்ன பழைய கதையையோ கொடுத்து எழுதச் சொன்னால்தான் விஷயம் தெரியும். பல இடங்களில் பிரமாதமாக இருக்கும், அப்புறம் திடீரென்று யாருமே சொல்லாத ஒரு வாக்கியம் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். ஊர்ப் பெயரெல்லாம் வேறு ஏதோ ஆகியிருக்கும். இது ஏன், எதைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது என்று தெரிந்துகொள்ள உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு லேப்டாப், சுமாரான மைக், ஒலியைப் பதிந்து வெட்டித் திருத்த உதவும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், இவை போதும்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கணினி செய்வதெல்லாம் ஊகம். ஒலியிலிருந்து கிடைத்த சான்று பாதி, இதுவரை படித்துப் பழகிய எழுத்திலிருந்து வந்த எதிர்பார்ப்பு பாதி. எந்தப் பிழை எந்தப் பாதியிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கப் பழகினால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் குரலைக் கண்ணால் பாருங்கள்

ஆடாசிட்டியைத் திறந்து, ஒலிப்பதிவை மோனோவில் (ஒரே தடமாக) வைத்து, "படம்" என்று ஒருமுறை, சின்ன இடைவெளி விட்டு "பட்டம்" என்று ஒருமுறை சொல்லிப் பதியுங்கள். பிறகு பூதக்கண்ணாடிப் பொத்தானை அழுத்திப் பெரிதாக்குங்கள். "படம்" சொன்ன இடத்தில் ட வரும்போது அலை லேசாகச் சிறுத்து உடனே மீண்டுவிடும். "பட்டம்" சொன்ன இடத்தில் நடுவில் ஏறக்குறைய ஒரு நேர்கோடே இருக்கும். ட்ட என்று அழுத்திச் சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் காற்றை நிறுத்திவிடுகிறது, அந்த நேரத்தில் ஒலியே கிடையாது. நம் காதுக்கு அழுத்தமாகக் கேட்பது கணினிக்கு ஒரு மௌனத்தின் நீளம், அவ்வளவுதான். அதே மாதிரி "கல்", "கால்" இரண்டையும் பதிந்து பாருங்கள். குறிலும் நெடிலும் எத்தனை மில்லி நொடி வித்தியாசம் என்று சுட்டியால் இழுத்தே அளந்துவிடலாம்.

இப்போது டிராக்கின் இடப்பக்கம் இருக்கும் பெயரை அழுத்தி, வரும் பட்டியலில் ஸ்பெக்ட்ரோகிராம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அலை மறைந்து ஒரு வண்ணப் படம் வரும். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண், எங்கே பிரகாசமோ அங்கே சக்தி அதிகம். மூச்சை விடாமல் "ஆ... ஈ... ஊ..." என்று இழுத்துப் பதிந்து பாருங்கள், படுக்கைவாட்டில் பட்டைகள் தெரியும். ஆ-வில் முதல் இரண்டு பட்டைகள் சுமாராக 700, 1200 ஹெர்ட்ஸ் பக்கம் நெருங்கி இருக்கும். ஈ-க்கு மாறினால் கீழ்ப்பட்டை 300 பக்கம் இறங்கிவிடும், இரண்டாவது 2000-க்கு மேலே தாவும். ஊ-வில் இரண்டுமே கீழே வந்துவிடும். ஆளுக்கு ஆள், ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் குழந்தைக் குரலுக்கும் இந்த எண்கள் மாறும், ஆனால் பட்டைகள் ஒன்றுக்கொன்று இருக்கும் உறவு பெரிதாக மாறாது. உயிரெழுத்தை அடையாளம் காண அந்த உறவுதான் உதவுகிறது. ழ-வையும் சொல்லிப் பாருங்கள், நாக்கை ஒழுங்காக மடக்கிச் சொன்னால் மூன்றாவது பட்டை வழக்கத்தைவிடக் கீழே இறங்கி இரண்டாவதை நெருங்கும். சோம்பேறித்தனமாக ள என்றே சொல்லிவிட்டால் அந்த இறக்கம் குறைந்துபோகும்.

"ஸ்" என்று சீறினால் பட்டை எதுவும் வராது, 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒரு புகைமூட்டம்தான் வரும். இது முக்கியம். பழைய தொலைபேசி இணைப்பு ஒலியில் 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், நொடிக்கு 8000 சாம்பிள், அதாவது ஒலியை நொடிக்கு 8000 தடவை அளந்து எண்ணாக்குவது. அதற்கு மேலே இருப்பதெல்லாம் போய்விடும். இனிஷியல் எஸ்ஸா எஃப்பா என்று போனில் இரண்டு தடவை கேட்பார்களே, அதற்குக் காரணம் இந்த வெட்டுதான். மனிதக் காதே தடுமாறும் இடத்தில் கணினி தடுமாறாமல் இருக்காது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் நொடிக்கு 16,000 சாம்பிள் எதிர்பார்க்கின்றன. 8000-த்தில் பதிந்த போன் உரையாடலை 16,000 என்று மாற்றிச் சேமித்தால் கோப்பு பெரிதாகும், தொலைந்த ஒலி திரும்பி வராது.

நொடிக்கு நூறு துண்டு

16,000 எண்களை அப்படியே கொடுத்தால் வேலைக்காகாது என்பதால் ஒலி துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் 25 மில்லி நொடி, அதாவது 400 சாம்பிள். ஒரு துண்டு தொடங்கி 10 மில்லி நொடியிலேயே அடுத்தது தொடங்கிவிடும், ஆகவே துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும். இப்படி நொடிக்கு நூறு துண்டு. ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தி என்று கணக்கிட்டு அதை 80 எண்களாகச் சுருக்குகிறார்கள். 300 ஹெர்ட்ஸுக்கும் 400-க்கும் உள்ள வித்தியாசம் நம் காதுக்கு நன்றாகத் தெரியும், 6000-த்துக்கும் 6100-க்கும் தெரியாது என்பதால் கீழ்ப்பகுதிக்கு அதிக எண்களும் மேற்பகுதிக்குக் குறைவான எண்களும் ஒதுக்கப்படும். இந்த அளவுகோலுக்கு மெல் என்று பெயர், 1937-இல் காதுகளை வைத்துச் சோதித்து உருவாக்கியது. நீங்கள் ஆடாசிட்டியில் பார்த்த வண்ணப் படத்தின் மங்கலான, சுருங்கிய ஒரு பிரதிதான் இது. கணினி அதைத்தான் பார்க்கிறது.

துண்டிலிருந்து எழுத்துக்கு

இங்கேதான் ஐம்பது வருடம் மல்லுக்கட்டினார்கள். 1952-இல் பெல் ஆய்வகத்தில் ஆட்ரி என்ற இயந்திரம் இலக்கங்களை மட்டும், அதுவும் பழகிய குரலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னால், கண்டுபிடித்தது. 1976-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஹார்பி 1011 சொற்கள் வரை வந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை ராஜ் ரெட்டி, நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், 1994-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது வாங்கினார். பிறகு ஐபிஎம்மில் ஃப்ரெட் ஜெலினெக் போன்றவர்கள் இலக்கண விதிகளை ஓரம் தள்ளிவிட்டு நிகழ்தகவுக் கணக்குக்குப் போனார்கள். 2010-க்குப் பிறகு, ஏராளமான எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே பழகிக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க் வந்து அந்தக் கணக்கையும் விழுங்கிவிட்டது.

அடிப்படைச் சிக்கல் என்னவென்றால், "படம்" என்று சொல்ல அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் கணினியிடம் ஐம்பது துண்டு இருக்கிறது, எழுத்தோ மூன்றே மூன்று. எந்தத் துண்டு எந்த எழுத்தைச் சேர்ந்தது என்று யாரும் குறித்துக் கொடுக்கவில்லை, ஆயிரக்கணக்கான மணி நேரத்துக்கு அப்படிக் குறிக்கவும் யாராலும் முடியாது. 2006-இல் அலெக்ஸ் கிரேவ்ஸும் உடன் ஆராய்ந்தவர்களும் சொன்ன வழி எனக்கு இன்றும் பிடித்தமானது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எழுத்தையோ "வெற்று" என்ற குறியையோ சொல்லச் சொல்லுங்கள். வெற்று, ப, ப, ப, வெற்று, ட, ட, வெற்று, ம், ம், ம், வெற்று என்று வரும். அடுத்தடுத்து வரும் ஒரே எழுத்தை ஒன்றாக்கி, வெற்றை எறிந்துவிட்டால் "படம்". இந்தச் சொல்லைத் தரக்கூடிய எல்லா வரிசைகளின் நிகழ்தகவையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை ஏறும்படி நெட்வொர்க்கைப் பழக்குகிறார்கள். எங்கே எந்த எழுத்து என்பதை அது தானாகவே பிடித்துக்கொள்கிறது.

தமிழுக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் சம்பந்தம் குறைவு. நமக்கு "பாம்பு" என்பதில் முதல் ப ஒரு மாதிரியும் இரண்டாவது ப வேறு மாதிரியும் ஒலித்தாலும், எங்கே எப்படி ஒலிக்கும் என்பது பெரும்பாலும் இடத்தைப் பொறுத்தது, அதை மாடல் (இப்படிப் பழக்கிய நெட்வொர்க்) கற்றுக்கொள்ளும். "பஸ்", "பல்ப்" போன்ற கடன்சொற்கள்தான் விதியை மீறும், அவை அடிக்கடி வருவதால் அவற்றையும் மனப்பாடம் செய்துவிடும்.

ர-வா ற-வா?

"கரி", "கறி". "அரை", "அறை". சாதாரணப் பேச்சில் இவற்றை வேறுபடுத்தி உச்சரிப்பவர்கள் எத்தனை பேர்? ந, ன இரண்டும் ஒலியில் ஒன்றேதான். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களும் ஏராளம். ஒலியில் வித்தியாசமே இல்லாதபோது ஸ்பெக்ட்ரோகிராமை எத்தனை தடவை பார்த்தாலும் விடை கிடைக்காது, பக்கத்துச் சொல்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு டிவியில் ஓடும் படத்தின் வசனம் சுவர் வழியாகப் பாதிதான் கேட்கும், பார்த்த படமாக இருந்தால் முழு வசனமும் நமக்குக் கேட்டுவிட்ட மாதிரியே இருக்குமல்லவா, கிட்டத்தட்ட அந்த வேலைதான் இது. நிறைய எழுத்தைப் படித்த மாடல் "மணி நேரம்" என்பதற்கு முன்னால் "அரை"தான் வரும், "வாடகைக்கு" என்பதற்குப் பக்கத்தில் "அறை"தான் வரும் என்று தேர்ந்தெடுக்கிறது.

உடனே சோதித்துப் பார்க்கலாம். குரோமில் ஒரு கூகுள் டாக்ஸ் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் அழுத்தி, மைக்குக்கு மேலே மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அங்கே இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தமிழுக்கு நான்கு தேர்வு இருக்கும், உங்கள் பேச்சு எந்த மண்ணோ அதைப் போடுங்கள். வெறுமனே "அரை" என்று ஒரு சொல் மட்டும் சொல்லி என்ன எழுதுகிறது என்று பாருங்கள். பிறகு "அரை மணி நேரம் காத்திருந்தேன்", "அறை வாடகைக்குக் கிடைக்கும்" என்று முழுசாகச் சொல்லுங்கள். பேசும்போதே திரையைக் கவனித்தால், முதலில் ஒன்றை எழுதி, அடுத்த சொல் வந்ததும் பின்னால் போய்த் திருத்துவதையும் சில சமயம் பார்க்கலாம். ஒலிச் சான்று எங்கே முடிந்து எதிர்பார்ப்பு எங்கே தொடங்குகிறது என்பது அந்தத் திருத்தத்தில் தெரியும்.

இதே குணம்தான் நமக்கு வினையாகவும் முடிகிறது. உங்கள் ஊர்ப் பெயரை, குலதெய்வத்தின் பெயரை, தாத்தாவின் பட்டப்பெயரை அது எங்கும் படித்திருக்காது. படிக்காத சொல்லை விட்டுவிட்டு, ஒலியில் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் படித்த சொல்லை எழுதும். வட்டார வழக்குக்கும் இதே கதி. யாழ்ப்பாணத்துக்காரர் "நான் நேற்று வந்தனான்" என்றால் அதை "வந்த நான்" என்று உடைத்துப்போடும் அபாயம் இருக்கிறது. "வந்துட்டேன்" என்று பேசியதை "வந்துவிட்டேன்" என்று திருத்தி எழுதுவதும் உண்டு. செய்திக்கு அது பரவாயில்லை, வாய்மொழி வரலாறு சேகரிப்பவருக்கு அது பெரிய நஷ்டம்.

இப்போது ஒரு பதிவை ஓட்டிப் பார்க்கலாம்

நீளமான பதிவுகளுக்கு விஸ்பரைச் சொல்வேன். ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட மாடல், இலவசம், உங்கள் கணினியிலேயே ஓடும், பதிவு வெளியே எங்கும் போகாது. குடும்ப விஷயமோ நோயாளியின் பேச்சோ உள்ள பதிவை முகம் தெரியாத இணையதளத்தில் ஏற்றுவதற்கு முன் இதை யோசியுங்கள், பேசியவரிடம் ஒரு வார்த்தை கேட்டும் விடுங்கள். கட்டளை வரியில் பழக்கமில்லாதவர்கள் விண்டோஸில் சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், அதன் வீடியோ மெனுவுக்குள் ஒலியை எழுத்தாக்கும் வசதி விஸ்பரோடு சேர்ந்தே இருக்கிறது. வேண்டிய மாடலை அதுவே இறக்கிக்கொள்ளும்.

ஓட்டுவதற்கு முன் பதிவைக் கவனியுங்கள், பாதிப் பிழை இங்கேயே தீரும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். மேசையில் போனை வைத்து, அறையின் மறுமூலையில் இருப்பவரைப் பதிந்தால் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் சேர்ந்து ஸ்பெக்ட்ரோகிராமில் எல்லாம் இழுவிக்கொண்டு நிற்கும். மின்விசிறி நேராக மைக்கில் அடிக்க வேண்டாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் இன்றைய எந்த மென்பொருளும் சிரமப்படும், அதைப் பேட்டி எடுக்கும்போதே தவிர்த்துவிடுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியை முதலிலேயே பலமாக ஓட்டாதீர்கள். விஸ்பர் இணையத்தின் எல்லாவித இரைச்சலிலும் பழகியது, நாம் சுத்தம் செய்கிறேன் என்று ஸ, ச ஒலிகளையும் சேர்த்துச் சுரண்டிவிட்டால் அதற்குத்தான் கஷ்டம். ஒரே பகுதியை இரண்டு விதமாகவும் ஓட்டி எது நன்றாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக 16,000 ஹெர்ட்ஸ் (இங்கே நொடிக்கு 16,000 சாம்பிள் என்று பொருள்), மோனோ, வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள்.

மாடலில் பல அளவு உண்டு. டைனி 3.9 கோடி அளவுருக்கள் (பழகும்போது மாடல் தனக்குள் சரிசெய்துகொள்ளும் எண்கள்), ஸ்மால் 24 கோடிச் சொச்சம், லார்ஜ் 155 கோடி. ஆங்கிலத்துக்கு ஸ்மாலே தாராளம். தமிழுக்கு டைனி, அதற்கு அடுத்த அளவான பேஸ் பக்கம் போகவே வேண்டாம், நேரம் வீண். லார்ஜுக்குக் கிராபிக்ஸ் கார்டில் சுமார் 10 ஜிபி நினைவகம் கேட்கும், மீடியம் 5 ஜிபி. கார்டே இல்லையென்றால் சாதாரணப் பிராசஸரிலும் ஓடும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். இந்த ஆங்கிலப் பாரபட்சத்துக்குக் காரணம் சாப்பாடுதான்: முதல் விஸ்பரைப் பழக்கிய 6,80,000 மணி நேரத்தில், ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளின் பேச்சை அந்தந்த மொழியிலேயே எழுதிய பகுதி மொத்தமாக 1,17,000 மணி நேரம்தான், அதில் தமிழுக்கு ஒரு சிறு பங்கு. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே மாடல்களை வெளியிட்டிருக்கிறது. விஸ்பர் சரிப்படவில்லை என்றால், உடன் ஒரு புரோகிராமர் நண்பர் இருந்தால், அடுத்து அதைப் பாருங்கள்.

ஓட்டும்போது மூன்று விஷயம். மொழியைத் தமிழ் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். தானாகக் கண்டுபிடி என்று விட்டால் முதல் 30 நொடியை வைத்து முடிவுசெய்யும், அங்கே பாட்டோ ஆங்கில வணக்கமோ இருந்தால் மொத்தமும் போச்சு. மொழிபெயர்ப்பு என்ற தேர்வைத் தொட்டுவிடாதீர்கள், தொட்டால் ஆங்கிலத்தில் வந்து நிற்கும். மூன்றாவது, தொடக்கக் குறிப்பு என்று ஒரு பெட்டி இருந்தால் பதிவில் வரும் ஆள் பெயர், ஊர்ப் பெயர்களை ஒன்றிரண்டு வாக்கியமாக எழுதிக் கொடுங்கள். அந்தப் பெயர்கள் வரும் வாய்ப்பைக் கொஞ்சம் ஏற்றிவிடும். ஆனால் அது தொடக்கத்தில் மட்டும்தான் பலமாக வேலை செய்யும், போகப் போக மறந்துவிடும்.

விஸ்பர் ஒலியை 30 நொடிப் பெட்டிகளாக எடுத்துக்கொள்கிறது, ஒரு பெட்டிக்கு 3000 துண்டு. பெட்டி முழுக்க மௌனமாக இருந்தாலும் எதையாவது எழுதத் தோன்றும் அதற்கு. இணையத்தில் கிடைத்த வசனங்களில் வளர்ந்ததால், வீடியோ முடிவில் சொல்லும் நன்றியையோ சப்ஸ்கிரைப் செய்யச் சொல்வதையோ எழுதிவைக்கும். இல்லையென்றால் ஒரே வாக்கியத்தைப் பத்துத் தடவை எழுதும், ஏனென்றால் தான் முன்பு எழுதியதைப் பார்த்துத்தான் அடுத்ததை எழுதுகிறது, ஒருமுறை சிக்கினால் அங்கேயே சுற்றும். முந்தைய எழுத்தைப் பார்க்காதே என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டால் சுற்றல் குறையும். நீண்ட மௌனங்களை ஆடாசிட்டியிலேயே வெட்டிவிடுவது அதைவிட நல்லது. இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆங்கிலப் பதிவுகளை வைத்துச் சோதித்தபோது, சுமார் நூற்றில் ஒரு துண்டில் சொல்லப்படாத வாக்கியங்கள் முழுசாகப் புகுந்திருந்தன. பிழையான சொல் கண்ணில் உறுத்தும், சரளமான பொய் உறுத்தாது. ஆகவே எழுத்தை மட்டும் படித்துத் திருத்தாதீர்கள், ஒலியை ஓடவிட்டுக்கொண்டே படியுங்கள்.

எவ்வளவு சரி என்று அளப்பது

"95 சதவீதம் சரி" என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். எதன் 95 சதவீதம்? வழக்கமான அளவு சொற்பிழை விகிதம். மாறிப்போன, விட்டுப்போன, கூடுதலாக வந்த சொற்களைக் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். தமிழில் இதை வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நீங்கள் கையால் எழுதிவைத்த சரியான வாக்கியம் இது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

நேற்று ராத்திரி பெரியப்பா வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது

ஏழு சொல். கணினி எழுதியது இது:

நேற்று ராத்திரி பெரியப்பா வீட்டில் இருந்து வந்து கொண்டிருந்தபோது மழை பிடித்து கொண்டது

படிக்கிறவருக்கு ஒரு ஒற்று போனதைத் தவிரக் குறையே தெரியாது. ஆனால் மூன்று இடத்தில் சொல் பிரிந்திருக்கிறது, ஒவ்வொரு இடத்திலும் ஒன்று மாறியது, ஒன்று கூடியது என்று இரண்டு பிழை. ஆக ஆறு, ஏழால் வகுத்தால் 86 சதவீதம் பிழை! குப்பை என்று தூக்கிப்போடும் மதிப்பெண். அதனால் தமிழுக்கு எழுத்துப்பிழை விகிதத்தையும் கட்டாயம் பாருங்கள், இடைவெளிகளை நீக்கிவிட்டு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் இந்த வாக்கியத்தில் பிழை அந்த ஒரு க் போனதும், "லி" என்பது "ல்இ" என்று பிரிந்ததும் மட்டும்தான்.

எதிர்ப்பக்கமும் ஏமாறலாம். விஸ்பரோடு வரும் எழுத்துச் சீராக்கி, ஒப்பிடுவதற்கு முன் நிறுத்தக்குறிகளை நீக்குகிறேன் என்று யூனிகோடில் (கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறை) "குறி" வகையில் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துத் துடைக்கிறது. நம் புள்ளியும் கால், கொம்புகளும் அந்த வகையில்தான் இருக்கின்றன. "நண்பன்" என்பது "நண பன" ஆகிவிடும். "கொடி", "காடு" இரண்டும் துடைத்தபின் ஒன்றே, கணினி மாற்றி எழுதியிருந்தாலும் சரி என்று மதிப்பெண் விழும். தமிழுக்கு யாராவது அசத்தலான எண் காட்டினால், எந்தச் சீராக்கியைப் போட்டீர்கள் என்று முதலில் கேளுங்கள். "கொ" போன்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள், கண்ணுக்கு ஒன்றாகவும் ஒப்பிடும் கருவிக்கு வேறாகவும் இருக்கும். இரண்டு கோப்பையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகுதான் அளக்க வேண்டும்.

வீட்டு உபயோகத்துக்கு இவ்வளவு கூட வேண்டாம் என்றால், பதிவின் நடுவிலிருந்து இரண்டு நிமிடம் எடுத்து நீங்களே எழுதி, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதிவின் தொடக்கத்தை எடுக்காதீர்கள், அங்கே எல்லாரும் நிதானமாகப் பேசுவார்கள்.

எழுதியாயிற்று, புரிந்ததா?

எழுதுவது வேறு வேலை, புரிந்துகொள்வது வேறு வேலை. "ஆறே முக்காலுக்கு எழுப்பு" என்று சொன்னால், அலாரம் வைக்கச் சொல்கிறார் என்ற நோக்கத்தையும், 6.45 என்ற விவரத்தையும் ஏதோ ஒன்று பிரித்தெடுக்க வேண்டும். முன்பு இதற்கென்று தனியாகச் சிறு மாடல்களைப் பழக்கினார்கள், இப்போது பெரிய மொழி மாடல்களிடம் அந்த வரியைக் கொடுத்துவிடுகிறார்கள். எண்கள் தமிழில் ஒரு தனித் தலைவலி. ரெண்டரை, ஒண்ணேகால், முக்காலே மூணு வீசம் என்று நாம் பேசுவதை இலக்கமாக மாற்றும் இடத்தில் நன்றாகச் சோதியுங்கள்.

நீங்களே ஒரு குரல்வழிச் சேவை செய்வதாக இருந்தால் அதிகம் கவனிக்க வேண்டியது எங்கே பேச்சு முடிந்தது என்று தீர்மானிக்கும் பகுதி. அரை நொடி, முக்கால் நொடி மௌனம் வந்தால் பேசி முடித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளும்படி வைத்திருப்பார்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் அங்கேயே வருகிறது. "நாளைக்கு அந்த ஆர்டரை அனுப்ப..." என்று ஒருவர் யோசித்து நிறுத்தி, "...வேண்டாம்" என்று முடிப்பதற்குள் கணினி வெட்டிவிட்டால் அனுப்பச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளும். "வந்தாரு", "வந்தாரா" இரண்டுக்கும் கடைசி உயிர் ஒன்றுதான் வித்தியாசம், அது மெதுவாக அடங்கும் இடத்தில்தான் வெட்டு விழும். ஆகவே தமிழுக்கு அந்தக் காத்திருப்பை நீட்டி வையுங்கள், பதில் கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை. பணம், மருந்து, ரத்து செய்வது போன்றவற்றில் திரும்ப ஒருமுறை கேட்டு உறுதிசெய்யாமல் எதையும் செய்யவிடாதீர்கள்.

தமிழ்க் குரல் சேர்ப்பது

மாடல் தின்ற தரவில் இல்லாத பேச்சை அதனால் எழுத முடியாது. 2020-இல் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சை எழுத்தாக்கும் சேவைகளை அமெரிக்காவில் சோதித்தபோது வெள்ளையரின் பேச்சில் சராசரிச் சொற்பிழை 19 சதவீதம், கறுப்பினத்தவரின் பேச்சில் 35. ஒரே நாடு, ஒரே மொழி. நெல்லை, கொங்கு, மட்டக்களப்பு, மலேசியத் தோட்டப்புறத் தமிழெல்லாம் எங்கே நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பேச்சுப் பதிவுகளைப் பொதுமக்களிடம் சேகரிக்கும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் தளத்தில் தமிழ் இருக்கிறது. திரையில் வரும் வாக்கியத்தைப் படித்துப் பதிய வேண்டும், சேர்ந்த தரவை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். வயது, பேச்சு வழக்கு கேட்கும் இடத்தைக் காலியாக விடாதீர்கள், ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஒலி அளவுக்கு அதுவும் முக்கியம். மேடைத் தமிழாக மாற்றிப் படிக்க வேண்டாம், வீட்டில் எப்படி ஒலிக்குமோ அப்படியே படியுங்கள். வீட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், அவர்களுக்கும் விருப்பம் என்றால், அவர்களைப் படிக்க வையுங்கள். பதிய நேரமோ அமைதியான அறையோ இல்லாதவர்கள் கேட்டுச் சரிபார்க்கும் பக்கத்துக்குப் போகலாம். ஒரு பதிவுக்கு இரண்டு பேர் "ஆம்" சொன்னால்தான் அது ஏற்கப்படும். படித்தவரின் உச்சரிப்பு உங்கள் ஊர் மாதிரி இல்லை என்பதற்காக "இல்லை" அழுத்தக் கூடாது. சொல்லை மாற்றியோ விழுங்கியோ படித்திருந்தால் தயங்காமல் அழுத்துங்கள்.